படகைத் திருப்பச் சொன்னது நான்தான்

அன்பு மகள் திவ்யாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இந்த அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். நேரில் பேச்சைத் தொடங்கினால் நீ எழுந்து உன் அறைக்குப் போய்விடுகிறாய். போகாமல் உட்கார்ந்திருந்தாலும் நான் பாதியிலேயே சாப்பாட்டுக்கோ என் பள்ளி வேன் சர்வீஸுக்கோ பேச்சை மாற்றிவிடுவேன் என்பதும் எனக்குத் தெரியும். கிழக்குக் கரையில் மழைக்காலம் முடிந்து தீவுகளைத் திறக்கிறார்கள். அடுத்த வாரம் நீ வேலைக்குப் போகிறாய், அதுவும் ஸ்கூபா டைவிங் செய்ய வருகிறவர்களைக் கடலுக்கடியில் அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவரும் வேலைக்கு. அதற்குள் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். படித்து முடித்ததும் உன் டைவிங் நண்பர்களின் குழுவில் இதைப் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. படகோட்டுகிறவர்களும், பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கரையில் நிற்கிற என் போன்றவர்களும் படிக்கட்டும்.

அன்று தீவின் படகுத்துறையில் உனக்குத் துண்டுகளைப் போர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். உதடு நீலம் பாரித்துப் பற்கள் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் தோளைத் தொட்டதும் நீ என் கையைத் தள்ளிவிட்டாய். "படகு எங்க பக்கம்தான் வந்துச்சு. நாங்க பாத்தோம், கைய ஆட்டினோம், விசில் ஊதினோம். அப்புறம் திரும்பிப் போயிருச்சு. திருப்பச் சொன்னது நீங்கதான்னு படக ஓட்டின பாக் சமாட் சொல்றாரு. எப்படிப்பா எங்கள விட்டுட்டுப் போனீங்க?" என்று கேட்டாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கீழே தண்ணீரில் நடந்ததெல்லாம் நீ அம்மாவிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதேபோல மேலே படகில் நடந்தது உனக்குத் தெரியாது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எனக்கும் தண்ணீருக்கும் எந்த உறவும் கிடையாது. நியாலாஸ் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குச் செம்பனை மரங்களுக்கு நடுவே ஓடும் வடிகாலைத் தவிர வேறு தண்ணீர் தெரியாது. இன்றுவரை நீந்த வராது. நீ ஆயர் குரோவில் நீச்சல் கற்றுக்கொண்டபோதுகூட நான் வேனுக்குள் உட்கார்ந்துதான் காத்திருந்தேன், குளத்தின் ஓரத்துக்கே வந்ததில்லை. தொழிற்சாலை வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கியதும் நீ டைவிங் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாய். ஜாசினில் உன் அத்தை, பொம்பளைப் பிள்ளைக்குக் கடலுக்கடியில் என்ன வேலை என்று கேட்டாள். அவளிடம் உனக்காகச் சண்டை போட்டேனே தவிர, உள்ளுக்குள் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ ஒவ்வொரு முறை படகேற மெர்சிங்குக்குக் கிளம்பும்போதும் வாசல்வரை வருவேன், வானத்தைப் பார்ப்பேன், உள்ளே போய்விடுவேன். மழைக்காலத்துக்கு முந்தைய கடைசிப் பயணத்துக்குத்தான் நீ, "ஒரு தடவை வந்து பாருங்கப்பா, அப்புறம் பயமே இருக்காது" என்றாய். அம்மாவுக்குப் படகேறினால் வாந்தி வரும். அதனால் நான் மட்டும் வந்தேன்.

காலையில் முதல் டைவ் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. நீயும் உன் தோழி மெய் லிங்கும் ஏறி வந்து, பார்த்த ஆமையைப் பற்றி மாறி மாறிச் சொன்னீர்கள். உன் முகத்தை அப்படி நான் வீட்டில் பார்த்ததே இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தீவின் பின்பக்கம் இருக்கும் பாறைக்குப் போகலாம் என்று முடிவானது. உங்களை வழிநடத்திய ரிஸ்வான் என்ற இளைஞன், ஜொகூரிலிருந்து வந்த கணவன் மனைவி, நீங்கள் இருவர், படகோட்டி பாக் சமாட், அப்புறம் நான். கிளம்புவதற்கு முன் ரிஸ்வான் ரேடியோவைத் தட்டிப் பார்த்தான், பச்சை விளக்கு எரிந்தது, சரி என்று கட்டைவிரலைக் காட்டினான். யாரும் அதில் கரையைக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. வடக்கே அடிவானத்தில் கொஞ்சம் கறுத்திருந்தது. பாக் சமாட் அதைப் பார்த்துவிட்டு ரிஸ்வானிடம் ஏதோ சொன்னார். சாயங்காலம்தான் வரும், அதற்குள் முடித்துவிடலாம் என்று ரிஸ்வான் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது.

நீங்கள் எல்லாரும் பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்ததும் படகு சட்டென்று காலியாகிவிட்டது. கொஞ்ச நேரம் உங்கள் மூச்சுக் குமிழிகள் மேலே வந்தன. பிறகு அலை பெரிதாகி அவையும் தெரியாமல் போயின. பாக் சமாட் என்னிடம் பிள்ளைகள் எத்தனை, என்ன வேலை என்றெல்லாம் விசாரித்துக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீரையே பார்க்க ஆரம்பித்தார். பாறையை உரசிக்கொண்டு நீரோட்டம் ஆற்றுவெள்ளம் மாதிரி ஓடியது. அது காலையில் அப்படி இல்லை என்று எனக்கே தெரிந்தது. என்ன என்று கேட்டேன். அபாங் என்று அண்ணன் முறை வைத்து அழைத்து, ஒன்றுமில்லை, உட்காருங்கள் என்றார். ஆனால் அவர் உட்காரவில்லை.

ரிஸ்வானும் அந்தக் கணவன் மனைவியும் மேலே வந்தார்கள். நினைத்த இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி வந்திருந்தார்கள். படகை அருகே கொண்டுபோய் அவர்களை ஏற்றினோம். ரிஸ்வான் மாஸ்க்கைக் கழற்றியதும் முதலில் படகுக்குள்தான் பார்த்தான், நீங்கள் முன்பே ஏறிவிட்டீர்களா என்று. அவன் முகம் மாறியதைப் பார்த்ததும் எழுந்து, என் மகள் எங்கே என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தபோது நீங்கள் இல்லையாம், கொஞ்ச நேரம் தேடிவிட்டு டைவிங் விதிப்படி மேலே வந்துவிட்டானாம். மெய் லிங்கின் ஒரு காலில் மாட்டியிருந்த ஃபின் துடுப்பு கழன்று போனதும், அவளை விடாமல் பிடித்துக்கொண்டு நீ பின்தங்கியதும், நீரோட்டம் உங்களைப் பாறையின் மறுபக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனதும் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், உங்கள் சிலிண்டரில் காற்று தீர்ந்திருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்பதுதான்.

ரிஸ்வான் ரேடியோவை எடுத்தான். பச்சை விளக்கு எரிந்தது, ஆனால் பேசினால் மறுபக்கத்திலிருந்து இரைச்சல்கூட வரவில்லை. பாட்டரியைக் கழற்றி மாட்டினான், சட்டையில் துடைத்தான், சேனலை மாற்றி மாற்றிக் கூப்பிட்டான். எல்லாருடைய ஃபோனையும் பையிலிருந்து எடுத்துப் பார்த்தோம். தீவின் பின்பக்கத்தில் ஒன்றுக்கும் சிக்னல் இல்லை. பாக் சமாட் படகைப் பாறையைச் சுற்றி ஓட்டினார். நான் முன்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அந்தக் காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்புறம்தான் மழை வந்தது. வடக்கே தூரத்தில் இருந்த கறுப்பு, பெரிய சுவர் நகர்ந்து வருவது போலக் கடல்மேல் வந்து எங்களை மூடிக்கொண்டது. படகின் மூக்குக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. அந்த ஜொகூர்ப் பெண் அழ ஆரம்பித்தாள். அவள் கணவன், கரைக்குப் போய்விடலாம் என்று ரிஸ்வானிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு அவனைத் தூக்கித் தண்ணீரில் போட வேண்டும் போல இருந்தது. பாக் சமாட் வேகத்தைக் குறைத்துக்கொண்டே தேடினார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். இந்த மழையில் தலை மட்டும் வெளியே தெரியும் ஆளைப் பார்க்க முடியாது, நாம் அவர்கள் மேலேயே ஏறிவிட்டால் அடியில் சுற்றுகிற விசிறி என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தீவின் முனையைத் தாண்டினால் ஃபோன் கிடைக்கும், பத்துப் படகைக் கூப்பிடலாம், ஆனால் போய் வருவதற்குள் நீரோட்டம் அவர்களை எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது என்றார். பிறகு, "அபாங், தண்ணியில இருக்கறது உங்க பொண்ணு. தேடணுமா, போகணுமா, நீங்க சொல்லுங்க" என்றார்.

நீ சின்னவளாக இருந்தபோது ஜாசின் பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒருமுறை தொலைந்துபோனாய், ஞாபகம் இருக்கிறதா? தொலைந்தால் நின்ற இடத்திலேயே நில், அப்பா வந்துவிடுவேன் என்று சொல்லி வைத்திருந்தேன். நீயும் கரும்புச்சாறு விற்கிற வண்டிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றிருந்தாய். அந்தப் படகில் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. நீ எங்கேயோ எனக்காக நின்றுகொண்டிருப்பாய், நான் இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் நீ நின்றுகொண்டிருக்கவில்லை. உன்னைச் சுமந்துகொண்டு கடல் போய்க்கொண்டிருந்தது. நான் அந்தப் பாறையைச் சுற்றிச் சுற்றி வருவது எனக்கு வேண்டுமானால் ஆறுதலாக இருந்திருக்கும், உனக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு சத்தம் கேட்டது போல எனக்குத் தோன்றியது. விசில் மாதிரி, மிக மெல்லியதாக. படகுத்துறையில் நீ விசில் என்று சொன்னதும் நான் ஏன் தலையைக் குனிந்துகொண்டேன் என்று இப்போது உனக்குப் புரியும். நான் கையை உயர்த்தி இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். பாக் சமாட் உடனே நிறுத்தினார். எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டோம். மழை தண்ணீரில் விழுகிற சத்தம், படகின் வயிற்றில் அலை மோதுகிற சத்தம், கம்பிகளுக்கு நடுவே காற்று ஊளையிடுகிற சத்தம். ரிஸ்வான் தன் விசிலை எடுத்து ஊதிவிட்டுக் காத்திருந்தான். பதில் இல்லை. அவனுக்கு முதலிலேயே எதுவும் கேட்கவில்லையாம். காற்று என்னை ஏமாற்றியதா, நீ ஊதியதுதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. கேட்கவில்லை என்றும் முடியாது. எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தெரிந்திருந்தால் அந்தத் திசையில் போயிருப்பேன். தெரியவில்லை, திவ்யா.

"பெர்கி லா, பாக்" என்றேன். போங்கள் என்று.

அவர் உடனே திரும்பவில்லை. படகின் பின்பக்கத்திலிருந்து மஞ்சள் நிறத் தண்ணீர்க் கேன் ஒன்றை எடுத்து, பாதி அளவு கடல்நீரை நிரப்பி இறுக மூடினார். காலிக் கேன் என்றால் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும், பாதி நிறைந்திருந்தால் ஆள் மிதப்பது போல நீரோட்டத்தோடு போகும் என்று ரிஸ்வானுக்குச் சொல்லிக்கொண்டே அதில் ஒரு மிதவை வளையத்தைக் கட்டினார். அதோடு கட்டச் சொல்லி நான் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி நீட்டினேன். ஒருவேளை உன் கைக்கு எட்டினால் என்று ஒரு நினைப்பு. அவர் அதுவரை என்னிடம் குரல் உயர்த்தாதவர், முதல்முறையாக அதட்டினார். போடுங்கள் அதை, இன்னொரு ஆளையும் நான் தேட முடியாது என்றார். போட்டுக்கொண்டேன். கேனைக் கடலில் விட்டுவிட்டுப் படகைத் திருப்பினார்.

அப்போதுதான் நீங்கள் எங்களைப் பார்த்திருக்கிறீர்கள். அலையின் உச்சிக்கு ஏறும்போது படகு தெரிந்தது, இறங்கும்போது மறைந்தது என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். படகுக்குத் தெரியும்படி காற்றடைத்து நிமிர்த்திப் பிடிக்கிற அந்த ஆரஞ்சு ட்யூப் காற்றில் நிற்காமல் தண்ணீரோடு மடிந்து மடிந்து விழுந்ததாம். படகு திரும்பியதும் மெய் லிங் கத்தி அழுதாளாம். நீ அவளுடைய சிலிண்டர்ப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, அழாதே, மூச்சு வீணாகும் என்று சொன்னாயாம். இதையெல்லாம் அம்மா சமையலறையில் நின்றுகொண்டு எனக்குச் சொன்னாள். நீ பார்த்த படகின் பின்பக்கத்தில் நான் இருந்தேன். நீ என்னைப் பார்த்துக் கையசைத்திருக்கிறாய். நான் உன் பக்கமே பார்த்துக்கொண்டு மழையை மட்டும் பார்த்திருக்கிறேன்.

முனையைத் தாண்டியதும் ஃபோனில் கோடுகள் வந்தன. ரிஸ்வான் தங்கும் விடுதிக்கும், அவசர உதவிக்கும், தெரிந்த மீனவர்களுக்கும் பேசினான். பேசி முடித்ததும் நான் திரும்பிப் போவோம் என்றேன். பாக் சமாட் மறுத்துவிட்டார். மற்ற படகுகளுக்கு இடத்தைக் காட்ட நாம் இங்கே நிற்க வேண்டும், தவிர இந்த இருவரையும் வைத்துக்கொண்டு மழைக்குள் மறுபடி போக மாட்டேன் என்றார். உன்னை விட்டுவிட்டு வந்ததைவிட, வந்த பிறகு சும்மா நின்றதுதான் கொடுமை. அம்மாவுக்கு ஃபோன் செய்ய வேண்டும் என்று எடுத்தேன், அவள் பெயரைப் பார்த்ததும் பையில் போட்டுவிட்டேன்.

விடுதியின் படகு முதலில் வந்தது, பின்னால் மீன்பிடிப் படகுகள் ஒவ்வொன்றாக. ஜொகூர்க்காரர்களை விடுதிப் படகுக்கு மாற்றினார்கள். அந்தக் கணவன் போகும்போது என் தோளில் கை வைத்தான். அவனும் பயந்துபோனவன்தான், அவன்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. மழை வெளுக்க ஆரம்பித்ததும் படகுகள் இடைவெளி விட்டு வரிசையாகப் போயின. பாறை இருந்த இடத்தில் கேன் இல்லை. அதைத் தேடி நாங்கள் போகப்போக, அவ்வளவு தூரமா என்று திரும்பித் திரும்பிப் பாறையைப் பார்த்தேன். கடைசியில் தெற்கே, நான் நினைத்தே பார்த்திராத பக்கத்தில், மஞ்சளாக ஒன்று ஏறி இறங்கியது. பாக் சமாட் எழுந்து நின்று மற்ற படகுகளுக்குக் கையைக் காட்டினார், அந்தக் கோட்டிலேயே எல்லாரும் போங்கள் என்று. வெயில் சாய்ந்து கடல் மங்கத் தொடங்கிய நேரத்தில், எங்களுக்கு முன்னால் போன மீன்பிடிப் படகிலிருந்து ஒருவர் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார். உங்களுடைய ஆரஞ்சு ட்யூபை அவர்தான் பார்த்தார்.

நீ அந்தப் படகில்தான் ஏறினாய், எங்கள் படகில் இல்லை. நான் இரண்டு படகுக்கும் நடுவே இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, தாண்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே கரைவரை வந்தேன்.

அம்மாவிடம் நான் எதையும் மறைக்கவில்லை. விசிலைப் பற்றியும் சொன்னேன். அவள், "நானா இருந்தா போக விட்டிருக்க மாட்டேன். அந்தப் படகுக்காரர் கையக் கடிச்சிருப்பேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "நல்ல வேளை, நான் வரல" என்றாள். அதை அவள் என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

நீ யார் படகில் வேலை செய்யப் போகிறாய் என்பதை எனக்கு நீ சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பாக் சமாட்தான் கூப்பிட்டு, தன் படகில்தான் என்று சொன்னார். உனக்கு அவர்மேல் கோபம் இல்லை என்று தெரிந்தபோது எனக்கு ஒரு பாரம் இறங்கியது. அன்று ரேடியோவைச் சோதிக்காமல் கிளம்பியது தன் தப்பு என்று அவர் உன்னிடம் ஒப்புக்கொண்டாராம். புது ரேடியோ வாங்கியிருக்கிறார், தினமும் கிளம்பும் முன் கரையைக் கூப்பிட்டுப் பதில் வந்தால்தான் கயிற்றை அவிழ்க்கிறார். அந்த விஷயத்தில் அவருக்கு நீ விட்டுக்கொடுக்காதே. வானம் கறுத்திருந்தால், காசு கொடுத்து வந்தவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாலும் கிளம்பாதே. நீரோட்டம் இருக்கிற இடத்தில் உன் கூட்டத்தில் கடைசி ஆள் எங்கே என்று பார்க்காமல் முன்னால் நீந்தாதே. நான் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவன். எல்லாரும் இறங்கிய பிறகும் வேனின் கடைசி இருக்கைவரை நடந்து பார்க்காமல் கதவைச் சாத்த மாட்டேன். எனக்குத் தெரிந்த தொழில் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் பாக் சமாட் சொன்னார். படகு திரும்பியபோது எங்கப்பா என்ன செய்தார் என்று நீ அவரிடம் கேட்டாயாம். முன்பக்கம் உட்காரச் சொல்லியும் கேட்காமல், முனையைத் தாண்டும்வரை பின்பக்கம் பார்த்தே உட்கார்ந்திருந்தார் என்று சொன்னாராம். அதைக் கேட்டதும் நீ ஃபோனை வைத்துவிட்டாய் என்றார்.

உன் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். உன்னை விட்டுவிட்டு என்னால் எப்படிப் போக முடிந்தது என்று எனக்கும் தெரியவில்லை. ஏன் போனேன் என்பது மட்டும்தான் தெரியும். நாளைக்கு மறுபடி அப்படி ஒரு நிலை வந்தால், அந்த விசில் மறுபடி கேட்டும் கேட்காமலும் போனால், நான் மறுபடியும் திருப்பத்தான் சொல்வேன். அதற்காக நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. உன் படகிலும் ஒருநாள் யாருடைய அப்பாவாவது கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த முடிவை அவர் கையில் கொடுக்கிற நிலை உனக்கு வரக் கூடாது என்றுதான் நான் வேண்டிக்கொள்கிறேன்.

மெர்சிங்குக்குப் பஸ்ஸில் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். பஸ் வேண்டாம், பள்ளி விடுமுறையில் வேன் சும்மாதான் நிற்கிறது. நான் கொண்டுவந்து விடுகிறேன். பேச வேண்டும் என்று தோன்றினால் முன்னால் உட்கார். இல்லையென்றால் பின்னால் படுத்துத் தூங்கிக்கொண்டு வா, நான் பார்த்து ஓட்டுகிறேன்.

உன் அப்பா
புக்கிட் பெருவாங்